வாசற்படியில் ஒரு பெரிய நாய்

பெரிய தெருநாய் ஒண்டு உங்கட வளவுக்குள் வந்து, கேற்றுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு போகமாட்டேன் எண்டு நிக்குது எண்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடு கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ நிந்தவூரிலோ இருக்கலாம். சின்ன நாய் எண்டா பிரச்சினை இல்லை, ஒரு கல்லை எடுக்கக் குனிஞ்சாலே போயிரும். இது முழங்காலுக்கு மேல நிக்கிற நாய். கடிக்கல்ல, குரைக்கல்ல, பாத்துக்கொண்டு மட்டும் இருக்கு. தம்பி ஏற்கெனவே அதுக்குப் பேர் வச்சிட்டான். உம்மா, "நாய் இரிக்கிற வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க" எண்டு சொல்லுறா. வாப்பாக்கு விசர் நாயோ எண்டு பயம். பக்கத்து வளவு மாமி இன்னும் ஒண்டும் சொல்லல்ல. அதுதான் பெரிய பயம்.

எடுக்கிறதா, துரத்திறதா? எங்கட ஊர்களில் இந்தக் கேள்வி வந்தவுடனே அது ஹராமா ஹலாலா எண்ட விவாதமாக மாறிவிடுகிறது. ஒரு மௌலவிட காணொளியை ஒருவர் அனுப்புவார், மற்றவர் ஒரு மிருக வைத்தியர்ட காணொளியை அனுப்புவார், நாய் அங்கேயே படுத்திருக்கும். நான் வரலாறு படிக்கிற ஆள். எனக்கு அந்தக் கேள்விட பதிலை விட அதுட வயசுதான் ஆச்சரியமாக இருந்தது. "எடு, இல்லாட்டி விடு" எண்ட இந்த இரண்டு பக்கக் கேள்வி அவ்வளவு பழசு இல்லை.

முதலில் சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் "தெருநாய்" எண்டு சொல்வார்கள். எங்கட நாட்டில் சபை அறிவித்தலிலும் பத்திரிகையிலும் "கட்டாக்காலி நாய்" எண்டுதான் வரும். காலி எண்டா பழைய தமிழில் மாடு, ஆநிரை. கட்டாக்காலி, கட்டப்படாத மாடு. வயலில் இறங்கி வேளாண்மையை அழிக்கிற மாட்டுக்கு வைத்த பேர் நாய்க்கு வந்திருக்கிறது. தெருநாய் எண்ட சொல், நாய் எங்கே வாழ்கிறது எண்டு சொல்கிறது. கட்டாக்காலி எண்ட சொல், யாரோ ஒருவர் செய்யத் தவறியதைச் சொல்கிறது. ஆங்கிலேயர் வைத்த பேர் இன்னும் மோசம். பறையர் எண்ட சாதிப் பெயரை எடுத்து எங்கட நாட்டு நாய்க்கு "பறையா நாய்" எண்டு பேர் வைத்தார்கள். இண்டைக்கும் சில நாய்ப் புத்தகங்களில் அது ஏதோ ஒரு இனத்தின் பேர் மாதிரிக் கிடக்கிறது. ஒரே சொல்லில் மனிசனையும் நாயையும் ஊருக்கு வெளியே தள்ளிய கெட்டித்தனம்.

ஆனால் ஊர் நாய் ஊருக்கு வெளியே இருந்ததில்லை. மகாவம்சத்தில் விஜயன் கரையிறங்கிய கதை தெரியும்தானே. குவேனியின் பணிப்பெண் ஒருத்தி பெட்டை நாய் உருவில் வருகிறாள். விஜயன் போகவேண்டாம் எண்டு தடுத்தும் ஒருவன் அதுக்குப் பின்னால் போகிறான். ஏன்? ஊர் இருக்கிற இடத்தில்தான் நாய் இருக்கும் எண்டு அவன் கணக்குப் போடுகிறான். கதை உண்மையோ பொய்யோ, அதை வைத்து இந்த நாட்டில் நடக்கிற அரசியல் வேற விசயம். ஆனால் ஏறத்தாழ 1,500 வருசத்துக்கு முந்தின ஒரு பிரதியில், யாரும் சொந்தம் கொண்டாடாத நாய் ஒண்டு "இங்க மனிசர் இருக்கிறாங்க" எண்டதுக்கு அடையாளமாக வருகிறது.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமை எங்கட வீடுகளில் ஸூரதுல் கஹ்ஃப் ஓதுகிறோம். குகைத் தோழர்களோடு ஒரு நாய் போகிறது. அவர்கள் தூங்குகிறார்கள், அது முன்னங்கால் இரண்டையும் வாசலில் நீட்டிப் படுத்திருக்கிறது. எத்தனை பேர் எண்டு ஆக்கள் தர்க்கம் பண்ணும்போது நாயும் எண்ணிக்கையில் சேர்கிறது. வாரா வாரம் இதை ஓதிவிட்டு, வெளியே வந்து கல் எடுக்கிறோம். நான் கவனிக்கச் சொல்லுறது அந்த நாய் படுத்திருக்கிற இடத்தை. உள்ளே இல்லை, தெருவிலும் இல்லை. வாசலில்.

ஹதீஸ்களிலும் இந்த இழுபறி அப்படியே இருக்கிறது. ஒரு கட்டத்தில் மதீனாவில் நாய்களைக் கொல்லச் சொன்ன கட்டளையும் உண்டு, பிறகு அது நிறுத்தப்பட்டதும் உண்டு, நாயும் ஒரு சமூகம் எண்ட கருத்தில் வந்த அறிவிப்பும் உண்டு. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிச் சப்பாத்தில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த மனிதர் மன்னிக்கப்பட்ட கதை மதரஸாவில் எல்லாரும் படித்தது. எனக்கு மிகவும் பிடித்தது புகாரியில் உள்ள இப்னு உமரின் சின்ன அறிவிப்பு: நபி காலத்தில் பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போகும், அதற்காக யாரும் தண்ணீர் தெளித்ததில்லை. கதவு இல்லாத ஒரு பள்ளிவாசல், குறுக்காக நடந்துபோகிற நாய். அந்தக் காட்சியை எங்கட பளிங்குப் பள்ளிவாசல்களில் யோசித்துப் பாருங்கள்!

சட்டம் இதிலிருந்து பல வழியாகப் பிரிந்தது. மாலிகி மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது. நாங்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ. எங்கட மத்ஹபில் அது கடும் நஜிஸ், ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், ஒரு தடவை மண்ணோடு. ஆனால் காய்ந்த கை காய்ந்த நாயில் பட்டால் கழுவத் தேவையே இல்லை எண்டதும் அதே மத்ஹப்தான். இதை யாரும் காணொளியில் சொல்லுறதில்லை. வளர்க்கிற விசயத்தில், வேட்டைக்கும் மந்தைக்கும் விவசாயத்துக்கும் அனுமதி. வீட்டுக்காவலுக்கும் அந்த அனுமதியைக் கியாஸ் மூலம் விரிக்கலாம், அதுவே சரியான கருத்து எண்டு எழுதியவர் 13ஆம் நூற்றாண்டின் இமாம் நவவி. அவர் எங்கட மத்ஹபின் தூண்களில் ஒருவர். மலக்குமார் பற்றிய ஹதீஸ் அனுமதிக்கப்பட்ட நாய்க்குப் பொருந்தாது எண்டு சொன்ன அறிஞர்களும் உண்டு, அதை ஏற்காதவர்களும் உண்டு. உம்மாட பயத்துக்கு ஆதாரம் இல்லை எண்டு நான் சொல்லவரல்ல. அந்தப் பயத்துக்குள்ளேயே பல நூற்றாண்டு வாதம் இருக்கு எண்டுதான் சொல்லுறேன்.

அந்த "விவசாய நாய்" எண்ட விதிவிலக்கில் ஒரு சுவையான விசயம். அபூஹுரைரா அதைச் சேர்த்துச் சொன்னபோது, அவருக்குப் பயிர் நிலம் இருந்தது எண்டு இப்னு உமர் ஒரு வார்த்தை சொன்னார். குத்திச் சொன்னார் எண்டு சிலர், நிலம் இருந்ததால்தான் அதைச் சரியாக ஞாபகம் வைத்திருந்தார் எண்டு மற்றவர்கள். எப்படிப் பார்த்தாலும் சட்டம் நிலத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறது. எங்களுக்கும் நிலம் இருக்கிறது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கியடித்த ஒரு ஒடுங்கிய கீலம்தான் எங்கட ஊர்கள். கிழக்கே கடல், மேற்கே வட்டை. வட்டைக்குப் போற யாரையும் கேளுங்கள், பண்டி வரும், யானை வரும், குடலைப் பருவத்திலிருந்து வெட்டு மட்டும் வாடியில் காவல் இருக்க வேண்டும். வாடியில் நாய் இருக்கும். அந்த நாயைப் பற்றி யாரும் ஃபத்வா கேட்டதில்லை. அதே ஆள் ஊருக்குள் வந்தால் நாயைக் கண்டு சாரனைத் தூக்கிக்கொண்டு ஒதுங்குவார். இது போலித்தனம் எண்டு ஒரு காலம் நானும் கூட்டாளிமாரும் சிரித்திருக்கிறோம். இல்லை, அது ஒரு ஒழுங்கு. நாய்க்கு இடமும் வேலையும் இருந்தது, அந்த இடம் வீட்டின் உள்ளே அல்ல, அவ்வளவுதான்.

கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பிலும் இதேபோல ஒரு வாசல் நாய் இருக்கிறது. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாண்டவர் வனவாசம் போகிற நிகழ்வையும் தீமிதிப்பையும் எங்கட ஆக்களும் ஒரு காலம் போய்ப் பார்த்தவர்கள்தான். அந்தப் பாரதக் கதையின் கடைசியில் தருமர் மட்டும் மிஞ்சி நடக்கிறார், பின்னால் ஒரு நாய். தேரோடு வந்த இந்திரன் நாயை விட்டுவிட்டு ஏறச் சொல்கிறான். தருமர் மாட்டேன் என்கிறார். கடைசியில் நாய்தான் தரும தேவதை. அது அவர் வளர்த்த நாய் இல்லை, வழியில் சேர்ந்தது. தன்னை நம்பி வந்ததை விடமுடியாது எண்டதுதான் அவர் வாதம். கஹ்ஃபின் நாயும் கூட நடந்து வந்த நாய்தான். இரண்டு கதையும் தெரிந்த மனிசர் ஒரே வீதியில் வாழ்ந்த ஊர் இது.

இந்த வாசலை மூடியதில் பெரிய பங்கு சட்டப் புத்தகத்துக்கு. பிரித்தானியர் ஆண்ட ஊர்களில் வெயில் காலம் வந்தால் நாய் கொல்கிற வழக்கம் இருந்தது. பம்பாயில் 1832 ஜூன் 6ஆம் தேதி, நாய் கொல்கிற பொலிஸ்காரர் பார்சிகளின் புனித நாளில் வீட்டு வாசல் வரை வந்தபோது ஊரே கிளர்ந்தது. ஒவ்வொரு நாய்க்கும் கூலி கிடைக்கும் எண்டதால் அவர்கள் வளர்ப்பு நாயையும் விட்டுவைக்கவில்லை. பார்சிகள் தொடங்கினார்கள், இந்துக்கள், சமணர்கள், முஸ்லிம்கள் எண்டு மற்றவர்களும் சேர்ந்தார்கள். கடைகள் மூடப்பட்டன, கோட்டைக்குள் இருந்த வெள்ளையருக்கும் படைக்கும் உணவும் தண்ணீரும் போகாமல் தடுக்கப்பட்டது. பிறகு, கொல்லாமல் நகருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது எண்டு சமரசம். நாய்க்காக நடந்த கலகம் எண்டு சிரிக்கத் தோன்றும். எங்கட வாசலில் என்ன இருக்கலாம் எண்டு முடிவு செய்ய நீ யார் எண்ட கேள்விதான் அதற்குள் இருந்தது.

இலங்கையில் 1893இன் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடிக் கட்டளைச்சட்டம், அதன்பின் 1901இன் 25ஆம் இலக்க நாய்ப் பதிவுக் கட்டளைச்சட்டம். இரண்டாவதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். வருசா வருசம் நாயைப் பதிய வேண்டும், பதியாத நாயைப் பிடிக்கலாம், உரிமையாளர் வராட்டிக் கொல்லலாம். இங்கே உலகம் இரண்டாகப் பிரிகிறது. உரிமையாளர் உள்ள நாய், உரிமையாளர் இல்லாத நாய். ஐந்து வீட்டுச் சோற்றில் வளர்ந்து, ஐந்து வீட்டுக்கும் குரைக்கிற நாய் எந்தப் பக்கம்? சட்டத்தில் அதுக்கு நிரல் இல்லை. வாசல் நாய் ஒரே கையெழுத்தில் கட்டாக்காலியானது. நாயை "எடுக்கிறது" எண்டதும் அண்டைக்குத்தான் ஒரு பெரிய முடிவானது. "இது எண்ட நாய்" எண்டு ஒருவர் சொன்னால் அது உயிரோடு இருக்கும், இல்லாட்டி இல்லை.

முஸ்லிம் ஆட்சி எண்டா இது வேற மாதிரி இருந்திருக்கும் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இஸ்தான்புல். அந்த நகரத்தில் நூற்றாண்டுக் கணக்கில் நாய்கள் மஹல்லா மஹல்லாவாக வாழ்ந்தன. வீட்டுக்குள் எடுக்கமாட்டார்கள், ஆனால் தண்ணீரும் மிச்சச் சோறும் வாசலில் வைப்பார்கள். நாயும் தன் மஹல்லாவைத் தாண்டாது. 1910இல், நகரத்தை ஐரோப்பா மாதிரி ஆக்கவேண்டும் எண்டு நினைத்த இளம் துருக்கியர் ஆட்சி, பல பத்தாயிரம் நாய்களைப் பிடித்து மர்மரா கடலில் தண்ணீரில்லாத ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய்ப் போட்டது. ஒன்றை ஒன்று தின்று செத்தன. ஊளை கரைக்குக் கேட்டதாம். சேர்ஜ் அவெடிக்கியன் இதை 15 நிமிசக் குறும்படமாக எடுத்தார், 2010இல் கான் விழாவில் குறும்படத்துக்கான தங்கப் பனை அதுக்குத்தான். தேடிப் பாருங்கள், ஆனால் சாப்பிட முதல் பார்க்க வேண்டாம். 2024 ஜூலையில் துருக்கி நாடாளுமன்றம் தெருநாய்களை அகற்றுகிற சட்டம் ஒண்டை நிறைவேற்றியபோது எதிர்த்தவர்கள் அந்தத் தீவைத்தான் நினைவுபடுத்தினார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வாப்பாட பயத்தை விட்டால் அது நேர்மையில்லை. விசர் பொய் இல்லை. 1973இல் இந்த நாட்டில் 377 பேர் அதில் செத்தார்கள். அறிகுறி வந்தபிறகு வைத்தியம் இல்லாத நோய். பல பத்தாண்டு நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006இல் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அண்டைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் உத்தரவு வந்தது. கொல்லுறதை விட்டால் நோய் பெருகும் எண்டு பயந்தார்கள், ஆனால் 1973இன் கணக்குத் திரும்பி வரவில்லை. நாய்க்கு ஊசி, கடிபட்டவருக்கு ஊசி, இரண்டும்தான் ஆக்களைக் காப்பாற்றியது. நூறு நாயில் எழுபதுக்கு ஊசி போட்டால் நோய் பரவுற சங்கிலி அறும் எண்டது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லுற கணக்கு. ஊசி போட்ட நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். கடிபட்டால் உடனே சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிசம் கழுவவேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. (இதையும் ஏழு தடவை கழுவுகிறதையும் ஒட்டி "விஞ்ஞானம் நிரூபிச்சிட்டுது" எண்டு பதிவு போடுற கூட்டத்தில் நான் இல்லை. மார்க்கச் சுத்தம் வேற, வைரசு வேற.)

எங்கட கரையில் வாசல் ஒடுங்கினதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டத்தில் இல்லை. யுத்த காலத்தில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் மேற்கு வட்டைக்குப் போகமுடியாமல் வயலை விட்டன. காவல் இல்லாத வாடிக்கு நாய் எதுக்கு? பிறகு 2004 டிசம்பர் 26. இலங்கையில் சுனாமி அதிகம் பேரைக் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கு மேல். கடற்கரையோரம் இருந்த மணல் வளவுகள் போயின. மிஞ்சிய ஆக்கள் தொடர்மாடிகளுக்கும் வீட்டுத் திட்டங்களுக்கும் போனார்கள். கிரீன்பீல்ட் மாடியில் வாசல் எண்டா என்ன? படிக்கட்டு, அதுவும் நாலு வீட்டுக்குப் பொது. மற்ற இடங்களில் கிடுகு வேலி போய் ஆறடி மதில் வந்தது. கிடுகு வேலியில் நாய் நுழைய ஒரு ஓட்டை எப்பவும் இருக்கும், மதிலில் இல்லை. உள்ளேயா வெளியேயா எண்டு கேக்கிற கேள்வியை மார்க்கத்தை விட மதில்தான் கூட இறுக்கியது எண்டு எனக்குப் படுகிறது.

எங்களைப் போல ஷாஃபிஈ மத்ஹபில் வாழ்கிற மலேசியாவில், 2014 அக்டோபரில் சையத் அஸ்மி எண்ட இளம் மருந்தாளர் ஒருவர், நாயைத் தொட்டுப் பார்க்கவும் தொட்டபின் முறைப்படி கழுவப் பழகவும் ஒரு நிகழ்ச்சி வைத்தார். ஆயிரத்துக்கு மேல் ஆக்கள் வந்தார்கள். மத அதிகாரிகள் கண்டித்தார்கள், அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. மறுபக்கம், அமெரிக்காவில் சட்டம் படிப்பிக்கிற ஃபிக்ஹ் அறிஞர் காலித் அபூ அல்ஃபள்ல் கைவிடப்பட்ட நாய்களைத் தன் வீட்டிலேயே எடுத்து வளர்த்தவர், அந்த ஹதீஸ்களைப் பற்றி நீளமாக எழுதியவர். இரண்டு பேரையும் எங்கட ஊருக்கு அப்படியே இறக்குமதி செய்யமுடியாது. ஒருவருக்கு நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகலாம், மற்றவருக்கு அமெரிக்க வீடு. எங்களுக்கு ஒழுங்கை, மாமி, ஜும்ஆவுக்குப் போட்ட வெள்ளைச் சாரன்.

சரி, கேற்றடியில் படுத்திருக்கிற அந்தப் பெரியவர். பெரிய நாய் எண்டதிலேயே ஒரு வரலாறு இருக்கு. எங்கட ஊர் நாய் நடுத்தர உடம்பு, பதினைந்து கிலோவுக்கு அங்கிட்டு இங்கிட்டு. முப்பது கிலோவில் ஒண்டு தெருவில் நிண்டா, அதுட தாயையோ தகப்பனையோ யாரோ காசு குடுத்து வாங்கியிருப்பார்கள். குட்டியில் அழகு, வளர்ந்தபிறகு சாப்பாட்டுச் செலவு. அதாவது இது பெரும்பாலும் கட்டாக்காலி இல்லை, கட்டி அவிழ்த்துவிட்டது. மனிசரிட்டப் பழகியிருக்கலாம், அடியும் வாங்கியிருக்கலாம். அதனால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முதல் நாளே அவிழ்த்துவிட்டு விளையாடக் கூடாது.

என்னைக் கேட்டால், வளவும் நிழலும் உள்ள ஆக்கள் எடுக்கலாம், வாசல் நாயாக. மறைச்ச கொட்டில் ஒண்டு, அதுக்கெண்டு தனிச் சட்டி, தொழுகிற அறைக்கும் குசினிக்கும் எட்டாத இடம். இது நவவி திறந்த கதவுதான், புதுசாக நாங்கள் உடைக்கத் தேவையில்லை. வட்டையில் வாடி உள்ளவர்களுக்கு இன்னும் லேசு, பெரிய நாய்க்கு அங்கேதான் உண்மையான வேலை. ஆனால் வெட்டு முடிஞ்சதும் அங்கேயே விட்டுவிட்டு வருகிற பழக்கத்தை விடவேண்டும். மாடி வீட்டுக்காரர் எடுக்க வேண்டாம் எண்டுதான் சொல்வேன், எவ்வளவு மனசு உருகினாலும். அவர்கள் படிக்கட்டில் எடுக்காமல் ஒழுங்கையில் நாலு வீட்டோடு சேர்ந்து பாக்கலாம். பேர் மட்டும் ஒருவர் பேரில் பதியவேண்டும், ஏனெண்டா 1901ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வீட்டு நாயை இன்னும் அறியாது.

எடுக்கிற அண்டைக்கே அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் விசர் ஊசிக்குக் கேளுங்கள். பெட்டை எண்டா கருத்தடையும். முப்பது கிலோ நாயை முச்சக்கரவண்டியில் ஏத்த எங்கட ஊரில் எந்தச் சாரதி சம்மதிப்பார் எண்டதை முதலே பேசி வையுங்கள், அதில்தான் பாதிப் பேர் நிண்டுபோறது. மாமிட்ட நாயை எடுக்கமுதல் போய்ச் சொல்லுங்கள், எடுத்தபிறகு இல்லை. பெருநாளைக்குக் குடும்பத்தோடு மூணு நாள் வெளியூர் போனா யார் சோறு வைப்பார் எண்டதையும் அப்பவே கேளுங்கள். மாமிட மகன் வைப்பான். அவனும் தூரத்தில் நிண்டு அந்த நாயைத்தான் பாத்துக்கொண்டு இருக்கான்.